ஒரு வங்கி விழுந்தால் எத்தனை வங்கி ஆடும்? சேலத்திலிருந்து ஒரு கைக்கணக்கு

என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடையில் கணக்குப்பிள்ளை. வெள்ளிக் கட்டி வாங்கி, கொலுசுப் பட்டறைகளுக்குக் கொடுத்து, செய்து வந்ததை வடக்கே அனுப்புகிற கடை. பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம். பற்றும் வரவும் எழுதியதற்குக் கீழே, பென்சிலால் சின்ன எழுத்தில் அப்பா இன்னொன்றும் குறித்து வைப்பார்: "இவருக்கு லீ பஜார்காரர் தரணும்", "இவரு பணம் சிவதாபுரம் பட்டறையில நிக்குது". முதலாளி கேட்காத குறிப்பு அது.

ஒரு நாள் லீ பஜாரில் ஒருவர் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. எங்கள் கடைக்கும் அவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. "நமக்கென்ன" என்று கடையில் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்க, அப்பா மட்டும் பேரேட்டை எடுத்துப் பென்சில் குறிப்புகளில் அந்தப் பெயரைத் தேடினார். மூன்று பக்கங்களில் இருந்தது. அன்று சாயங்காலமே அந்த மூன்று பேரிடமும் வசூலுக்கு ஆள் போனது.

பிறகு நான் வங்கி வேலைக்குப் போய், கருவூலப் பிரிவில் பல வருஷம் இருந்து, ஓய்வு பெற்றுத் திரும்பவும் சேலத்துக்கே வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். எம்.காம் படிப்பவர்கள், புதிதாக வங்கியில் சேர்ந்தவர்கள். சிஸ்டமிக் ரிஸ்க் (ஒருவர் சரிந்தால் மொத்த அமைப்பும் ஆடுகிற இடர்), இன்டர்கனெக்டட்னெஸ் (ஒருவரோடு ஒருவர் பின்னியிருப்பது) என்ற சொற்களைப் பாடத்தில் படித்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வரிசையில் இங்கே எழுதுகிறேன். ஒரு தாள், பென்சில் போதும். பிறகு எக்செல்லுக்குப் போகலாம்.

முதலில்: எதை அளக்கிறோம்

ஒரு வங்கியின் நிதிநிலை அறிக்கையை எவ்வளவு கூர்ந்து படித்தாலும் அந்த வங்கி மட்டும்தான் தெரியும். அமைப்பு ரீதியான இடர் என்பது அறிக்கைக்குள் இல்லை; ஒரு அறிக்கைக்கும் இன்னொரு அறிக்கைக்கும் நடுவில் ஓடும் கோடுகளில் இருக்கிறது. அப்பாவின் பென்சில் குறிப்பு அந்தக் கோடுதான்.

கோடுகள் மூன்று வகை. ஒன்று, நேரடிக் கடன்: ஒரு வங்கி இன்னொரு வங்கியிடம் வைத்த டெபாசிட், கால் மணி (call money, வங்கிகள் தங்களுக்குள் ஓரிரவுக்குக் கொடுக்கும் கடன்), வாங்கிய கடன் பத்திரம். இரண்டு, பொதுச் சுமை: இரண்டு வங்கிகளுக்கு நடுவே ஒரு காசு கொடுக்கல் வாங்கலும் இல்லாவிட்டாலும், இரண்டும் ஒரே வகைப் பத்திரத்தையோ ஒரே தொழிலுக்குக் கொடுத்த கடனையோ சுமந்தால் ஒரே காற்றில் இரண்டும் சாயும். மூன்று, சேவைப் பிணைப்பு. 2020 மார்ச் 5 அன்று யெஸ் பேங்குக்குத் தடை வந்து, கணக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். அன்றிரவே போன்பே வேலை செய்யவில்லை. காரணம், போன்பேயின் யுபிஐ பரிமாற்றம் யெஸ் பேங்க் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. யெஸ் பேங்கில் கணக்கே இல்லாதவர்களும் கடையில் நின்று தவித்தார்கள்.

இந்தக் கட்டுரையில் முதல் வகையைக் கையால் அளப்போம். இரண்டாவது வகை நடுவில் வந்து கணக்கையே புரட்டிப் போடும். அதையும் பார்ப்போம்.

இரண்டாவது: கட்டம் போடுங்கள்

ஐந்து கற்பனை வங்கிகளை எடுத்துக்கொள்கிறேன். நிஜ வங்கி எதையும் குறிக்காமலிருக்க நம் ஊர் மாம்பழங்களின் பெயரை வைக்கிறேன்: மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரா, பெங்களூரா, நடுசாலை. மூலதனம் கோடி ரூபாயில் முறையே 100, 40, 30, 25, 20.

தாளில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். இடப்பக்கம் கொடுத்தவர், மேலே வாங்கியவர். தனக்குத்தானே கடன் கொடுக்க முடியாது என்பதால் மூலைவிட்டக் கட்டங்கள் ஐந்தும் காலி. மற்றவற்றை இப்படி நிரப்புங்கள் (எல்லாம் கோடியில்):

மல்கோவா கொடுத்தது: இமாம்பசந்துக்கு 30, செந்தூராவுக்கு 20, பெங்களூராவுக்கு 10.
இமாம்பசந்த் கொடுத்தது: மல்கோவாவுக்கு 20, செந்தூராவுக்கு 25.
செந்தூரா கொடுத்தது: மல்கோவாவுக்கு 15, பெங்களூராவுக்கு 10.
பெங்களூரா கொடுத்தது: செந்தூராவுக்கு 30. வேறு யாருக்கும் இல்லை.
நடுசாலை கொடுத்தது: இமாம்பசந்துக்கு 15, பெங்களூராவுக்கு 8.

வரிசையைக் கூட்டினால் ஒவ்வொருவரும் கொடுத்தது கிடைக்கும்: 60, 45, 25, 30, 23. பத்தியைக் கூட்டினால் வாங்கியது: 35, 45, 75, 28, 0. இரண்டு கூட்டுத்தொகையும் 183 என்று ஒத்துவர வேண்டும். ஒத்துவராமல் மேலே போகாதீர்கள். ஐந்து வங்கியில் தப்பு உடனே கண்ணில் படும். ஐம்பது வங்கியில் படாது.

மூன்றாவது: எளிய அளவுகள்

கோடுகளை எண்ணுங்கள்: பத்து. ஐந்து வங்கிகளுக்குள் அதிகபட்சம் எத்தனை கோடு இருக்க முடியும்? ஐந்து பெருக்கல் நான்கு, இருபது. பத்தை இருபதால் வகுத்தால் 50 சதவீதம். இதைத்தான் இணைப்பு விகிதம் என்கிறார்கள். பின்னல் எவ்வளவு நெருக்கம் என்று இது சொல்லும். நெருக்கம் நல்லதா கெட்டதா என்று சொல்லாது.

அடுத்து, யாருக்குள் எத்தனை கோடு வருகிறது, யாரிடமிருந்து எத்தனை போகிறது. செந்தூராவுக்குள் மூன்று கோடு வருகிறது. நடுசாலைக்குள் ஒன்றும் வரவில்லை. அது கொடுக்கிற வங்கி மட்டுமே. இங்கிருந்து மேலே போனால், யாரோடு தொடர்பு என்பதற்கும் எடை போடுகிற மையத்தன்மை அளவுகள் இருக்கின்றன. அதாவது, செல்வாக்குள்ள வங்கியோடு உள்ள ஒரு கோடு ஓரத்து வங்கியோடு உள்ள மூன்று கோட்டுக்குச் சமமாகலாம். அவை மென்பொருளில் ஒரு சொடுக்கில் வரும். இந்தக் கட்டத்தில் அவசியமில்லை.

அவசியமானது குவிப்பு. ஒவ்வொரு கட்டத்தையும் கொடுத்தவரின் மூலதனத்தால் வகுங்கள். பெங்களூரா செந்தூராவுக்குக் கொடுத்த 30, தன் மூலதனமான 25ஐ விட அதிகம்: 120 சதவீதம். இமாம்பசந்த் செந்தூராவுக்குக் கொடுத்தது 62.5 சதவீதம். மல்கோவாவுக்கு அதே செந்தூரா வெறும் 20 சதவீதம். ஒரே வங்கியிடம் மூன்று பேர் பணம் நிற்கிறது. விழுந்தால் ஒருவருக்குச் சிராய்ப்பு, ஒருவருக்கு எலும்பு முறிவு, ஒருவருக்கு உயிர்.

நான்காவது: ஒருவரை விழுத்தாட்டிப் பாருங்கள்

கட்டுரையின் நடு இதுதான். நிதானமாகப் போங்கள்.

கன்னங்குறிச்சிப் பக்கம் நடந்திருந்தால் இது சட்டென்று புரியும். சேர்வராயன் மலையில் பெய்கிற மழை முதலில் புது ஏரிக்கு வரும். புது ஏரி நிரம்பி வழிந்தால்தான் மூக்கனேரிக்குத் தண்ணீர். ஏரியில் இடம் இருக்கிறவரை கீழே ஒன்றும் தெரியாது. நிரம்பிய மறுநொடி மொத்த வரத்தும் அடுத்த ஏரியின் பிரச்சினை. வங்கியின் மூலதனம் அந்த ஏரியில் மீதமிருக்கும் இடம். நஷ்டம் மூலதனத்துக்குள் அடங்கினால் அங்கேயே நின்றுவிடும். தாண்டினால் அடுத்தவருக்கு இறங்கும்.

இந்தக் கேள்வியோடு தொடங்கினார் ஒரு பையன், ஓமலூர்ப் பக்கம்: "ஏனுங்க சார், பெரிய பேங்க் விழுந்தாத்தானே எல்லாம் விழும்?" சரி, மல்கோவாவை விழுத்தாட்டுவோம் என்றேன். ஒரு காசும் திரும்பாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மல்கோவாவுக்குக் கொடுத்தவர் இமாம்பசந்த், 20. மூலதனம் 40இலிருந்து 20 ஆகிறது. செந்தூரா 15; 30இலிருந்து 15. இரண்டும் நிற்கின்றன. அவ்வளவுதான், அலை நின்றுவிட்டது. ஐந்தில் மிகப் பெரியது விழுந்து யாரும் விழவில்லை.

இப்போது செந்தூரா. மல்கோவா 20 இழக்கிறது, 80 மீதி. இமாம்பசந்த் 25 இழக்கிறது, 15 மீதி. பெங்களூரா 30 இழக்கிறது, இருந்தது 25. விழுந்தது. முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றில் பெங்களூராவுக்குக் கொடுத்தவர்களைப் பாருங்கள்: மல்கோவாவுக்கு இன்னொரு 10 போய் 70, நடுசாலைக்கு 8 போய் 12. புதிதாக யாரும் விழவில்லை, நிறுத்தலாம். மூலதனத்தில் மூன்றாம் இடத்து வங்கி இன்னொன்றை இழுத்துக்கொண்டு போனது.

மீதி மூன்றையும் ஒவ்வொன்றாக விழுத்தாட்டிப் பாருங்கள். யாரும் யாரையும் இழுக்க மாட்டார்கள். ஆக இந்தப் பின்னலில் அபாயமான முடிச்சு செந்தூரா. அளவைப் பார்த்துத் தேடியிருந்தால் இது கிடைத்திருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு காசும் திரும்பாது என்று வைத்தோம். பாதி திரும்பும் என்று மாற்றிப் போடுங்கள். செந்தூரா விழுந்தால் பெங்களூராவுக்கு நஷ்டம் 15தான். 10 மீதி வைத்துக்கொண்டு நிற்கும். ஒரே பின்னல், ஒரே வங்கி, விடை வேறு. அதனால் உங்கள் கணக்கை யாரிடமாவது காட்டும்போது, எத்தனை சதவீதம் திரும்பும் என்று வைத்தீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். கால் மணிக் கடனுக்குப் பிணை கிடையாது. ட்ரெப்ஸ் என்ற குறுகியகாலக் கடன் அரசுப் பத்திரப் பிணையோடு, 2001இல் அமைந்த சிசிஐஎல் என்ற தீர்வு நிறுவனம் நடுவில் நின்று தீர்த்துவைப்பது. இரண்டையும் ஒரே கட்டத்தில் கூட்டிப் போட்டு ஒரே இழப்பு விகிதம் வைத்தால் கணக்கு பொய் சொல்லும். இன்னொன்றும் ஞாபகம் வையுங்கள்: நம் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரியிலிருந்து. ஒரு வங்கி இன்னொரு வங்கியில் வைத்த டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையவே கிடையாது. குஜராத்தில் மாதவ்புரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி 2001இல் சரிந்தபோது, அதில் பணம் வைத்திருந்த மற்றக் கூட்டுறவு வங்கிகள் மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

சுற்றுச் சுற்றாக இறங்குகிற இந்தக் கணக்குக்குக் கறாரான கணித வடிவத்தை 2001இல் ஐசன்பெர்க், நோ என்ற இருவர் கொடுத்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் எவ்வளவு திருப்பித் தர முடியும் என்பதைச் சமன்பாடாக வைத்துத் தீர்ப்பது அது. 2012இல் வந்த டெட்ராங்க் முறை, விழாவிட்டாலும் பலவீனம் பரவும் என்பதையும் கணக்கில் சேர்க்கிறது. நம் கணக்கில் இமாம்பசந்த் 40இலிருந்து 15க்கு இறங்கியும் "நிற்கிறது" என்று எழுதினோமே, அதை டெட்ராங்க் சும்மா விடாது. திண்ணைக் கணக்கு கைவந்த பிறகு இவற்றைப் படித்தால் இரண்டும் பழகிய முகமாகத் தெரியும்.

ஐந்தாவது: முதலில் எல்லாரையும் நனையுங்கள், பிறகு ஒருவரைத் தள்ளுங்கள்

வெயில் நாளில் ஒருவர் வழுக்கி விழுவதும், மழையில் எல்லாரும் நனைந்து வழுக்கலில் நிற்கும்போது ஒருவர் விழுவதும் ஒன்றல்ல. நிஜ நெருக்கடி மழையில்தான் வரும். 2023 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க் மூடப்பட்டபோது, வட்டி ஏறியதால் பழைய நீண்டகாலப் பத்திரங்களின் விலை இறங்கியிருந்தது. அந்த இறக்கம் அந்த ஒரு வங்கிக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. அதே மாதிரிப் பத்திரம் வைத்திருந்த எல்லாருக்கும் நேர்ந்தது.

நம் ஐந்து வங்கிகளுக்கும் அப்படி ஒரு அடி: பத்திர விலை இறங்கி எல்லார் மூலதனத்திலும் 40 சதவீதம் போய்விட்டது. மீதி: மல்கோவா 60, இமாம்பசந்த் 24, செந்தூரா 18, பெங்களூரா 15, நடுசாலை 12. யாரும் இன்னும் விழவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஐந்தும் மெலிந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இப்போது செந்தூராவைத் தள்ளுங்கள், ஒரு காசும் திரும்பாது என்ற பழைய நிபந்தனையோடு. மல்கோவா 20 இழந்து 40. இமாம்பசந்த் 25 இழக்கிறது, இருந்தது 24. ஒரே ஒரு கோடி குறைவாக விழுகிறது. பெங்களூராவும் விழுகிறது. இரண்டாம் சுற்று: இமாம்பசந்த் விழுந்ததால் மல்கோவாவுக்கு 30 போய் 10; நடுசாலைக்கு 15 போக வேண்டும், இருப்பது 12, விழுந்தது. பெங்களூரா விழுந்ததால் மல்கோவாவுக்கு இன்னொரு 10. பத்தில் பத்து போனால் பூஜ்யம்.

ஐந்தும் போய்விட்டன.

பிள்ளைகள் இந்த இடத்தில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கோடுகள் மாறவில்லை. ஒரு எண்கூடக் கட்டத்துக்குள் மாறவில்லை. முன்பு இரண்டு வங்கியோடு நின்ற அலை இப்போது கரையையே கொண்டுபோய்விட்டது. பின்னல் என்பது ஒரு அளவு வரை அடியைப் பங்கு போட்டு எல்லாரையும் காப்பாற்றும். அந்த அளவைத் தாண்டினால் அதே பின்னல் எல்லாரையும் சேர்த்துக் கட்டி இழுக்கும். அதனால்தான் இணைப்பு விகிதம் 50 சதவீதம் என்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நல்லது கெட்டது சொல்லாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறேன்.

ஆறாவது: பணத்தைத் திரும்பக் கேட்பதும் ஒரு கோடுதான்

இதுவரை நஷ்டம், கடன் கொடுத்தவரை நோக்கி ஓடியது. எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. நடுசாலை யாரிடமும் வாங்கவில்லை, அது விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்கு சொல்லும். ஆனால் நடுசாலைக்கு ஒரு தட்டுப்பாடு வந்தால் இமாம்பசந்திடம் உள்ள 15ஐயும் பெங்களூராவிடம் உள்ள 8ஐயும் உடனே கேட்கும். அவர்களிடம் அன்றைக்குக் கையில் ரொக்கம் இல்லாவிட்டால் இருப்பதை வந்த விலைக்கு விற்க வேண்டும், அல்லது தாங்கள் கொடுத்ததைத் திரும்பக் கேட்க வேண்டும்.

அப்பா கதையின் மறுபாதி இது. லீ பஜார்காரர் பெயர் இருந்த மூன்று பேரில் ஒருவர் அந்த மாதமே பட்டறையை மூடினார். அவருக்கு லீ பஜாரில் நின்ற பாக்கி தாங்கக்கூடியதுதான். எங்கள் கடையைப் போலவே மற்றக் கடைகளும் அதே சாயங்காலம் அவர் வாசலுக்கு ஆள் அனுப்பியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பல வருஷம் கழித்து அப்பா இதைச் சொன்னபோது, "கணக்கு சரியாத்தான் பாத்தேன், ஆனா அந்த மனுஷனைக் கொன்னதுல என் பென்சிலுக்கும் பங்கு இருக்கு" என்றார். அதன்பிறகு என்னால் இந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட முடிந்ததில்லை.

கையால் செய்ய: இன்னொரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு வங்கியிடமும் உடனே மாற்றக்கூடிய பணம் எவ்வளவு என்று எழுதுங்கள். விழுந்த வங்கி தான் கொடுத்ததை எல்லாம் திரும்ப இழுக்கும் என்று வைத்து, யாருக்குப் போதவில்லை என்று பாருங்கள். முறை அதேதான், திசை மட்டும் மாறும்.

ஏழாவது: நிஜ எண்கள் எங்கே

யார் யாருக்கு எவ்வளவு என்ற முழுக் கட்டம் ரிசர்வ் வங்கியிடம்தான் இருக்கும். நமக்குக் கிடைப்பது வரிசைக் கூட்டுத்தொகையும் பத்திக் கூட்டுத்தொகையும். வங்கியின் ஆண்டறிக்கையில் ஏழாவது அட்டவணையைத் திறந்தால் மற்ற வங்கிகளிடம் வைத்திருக்கும் இருப்பும் கால் மணியும் இருக்கும். மூன்றாவது அட்டவணையில் வங்கிகளிடமிருந்து வந்த டெபாசிட் தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். நான்காவது அட்டவணையில் வாங்கிய கடன். இவற்றை வைத்து விளிம்பு எண்களை நிரப்பிவிடலாம்.

உள்ளே? கொடுத்த மொத்தத்தை, மற்றவர்கள் வாங்கிய மொத்தத்தின் விகிதத்தில் பிரித்துப் போடுவது வழக்கமான உத்தி. மூலைவிட்டத்தைப் பூஜ்யமாக்கி, வரிசையும் பத்தியும் ஒத்துவரும்வரை திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். நம் மாம்பழ வங்கிகளில் இதைச் செய்து பாருங்கள். பெங்களூரா செந்தூராவுக்குக் கொடுத்தது 13, 14 கோடி என்று வரும். உண்மை 30. அந்த ஊகக் கட்டத்தில், நனையாத முதல் கணக்கைப் போட்டால், செந்தூரா விழுந்தும் பெங்களூரா நிற்கும். பணத்தைச் சமமாகத் தூவுகிற முறை குவிப்பை மறைத்துவிடுகிறது. நாம் தேடுவதே அந்தக் குவிப்பைத்தான். ஆகவே இப்படி ஊகித்து வந்த விடையைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு கட்டத்துக்கு நிஜ எண் தெரிந்தால் முதலில் அதைப் போட்டுவிட்டு மீதியை மட்டும் பிரியுங்கள்.

பங்குச் சந்தை வழியாக அளக்கிற முறைகளும் உண்டு. ஒரு வங்கி மோசமான நிலையில் இருக்கும்போது மொத்த அமைப்பின் இழப்பு எவ்வளவு கூடும் என்று கேட்பது கோவார். சந்தையே சரிகிற காலத்தில் இந்த வங்கிக்கு எவ்வளவு மூலதனம் குறையும் என்று கேட்பது எஸ்ரிஸ்க். தினசரி விலை பொதுவில் கிடைப்பதால் மாணவர்கள் இவற்றைத்தான் முதலில் எடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு பங்குகள் சேர்ந்து இறங்கினால் அவற்றுக்குள் கோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரே செய்திக்கு இரண்டும் பயந்திருக்கலாம். பங்குச் சந்தையில் இல்லாத கூட்டுறவு வங்கிகளுக்கு இந்த வழியே கிடையாது.

எட்டாவது: ரிசர்வ் வங்கி என்ன செய்கிறது என்று படியுங்கள்

நிதி நிலைத்தன்மை அறிக்கை 2010 முதல் வருகிறது, வருஷத்துக்கு இரண்டு முறை. அதில் நாம் போட்ட கட்டத்தின் நிஜ வடிவம் படமாக இருக்கும்: நடுவில் உள்வட்டம், அதைச் சுற்றி அடுத்த வட்டம், ஓரத்தில் விளிம்பு வங்கிகள். ஒவ்வொரு வங்கியாக விழுத்தாட்டி, மூலதன இழப்பையும் பணத் தட்டுப்பாட்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்து, அமைப்பு எவ்வளவு இழக்கும் என்று எழுதியிருப்பார்கள். திண்ணையில் ஐந்து வங்கிக்குச் செய்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் இனி பூச்சாண்டி காட்டாது.

இன்னொன்று, விழவே விடக்கூடாத வங்கிகளின் பட்டியல். 2014 ஜூலையில் விதிமுறை வந்தது. 2015இல் ஸ்டேட் பேங்க், ஐசிஐசிஐ, 2017இல் எச்டிஎஃப்சி. மதிப்பெண் பிரிப்பு எனக்கு மிகவும் பிடித்த இடம்: அளவுக்கு 40 சதவீதம், பின்னல், மாற்று கிடைக்காமை, சிக்கல்தன்மை மூன்றுக்கும் தலா 20. உலகளாவிய பெரு வங்கிகளுக்குப் பாசல் என்ற சர்வதேச வங்கிக் கண்காணிப்புக் குழு வைத்த முறையில் அளவுக்கும் 20தான். நம் நாட்டில் அளவுக்கு இரட்டை எடை. செந்தூராவைப் பார்த்த பிறகு, அளவுக்கு இவ்வளவு எடை தேவையா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஸ்டேட் பேங்க் அளவுக்கு ஒரு வங்கி மற்றவர்களின் கடனை அடைக்காமல் போவது மட்டும் அல்ல, அதன் கிளைகள் செய்கிற வேலையை மறுநாள் வேறு யாரும் எடுத்துச் செய்ய முடியாது. அந்தக் கோணத்தில் அளவே ஒரு பிணைப்பு. 2025 ஏப்ரல் முதல் இந்த மூன்றும் கூடுதலாக வைத்திருக்க வேண்டிய மூலதனம் (இடருக்கேற்ப எடை போட்ட சொத்தில்): ஸ்டேட் பேங்க் 0.80 சதவீதம், எச்டிஎஃப்சி 0.40, ஐசிஐசிஐ 0.20.

பட்டியலில் இல்லாத வங்கி விழாது என்றும் இல்லை, விழுந்தால் வலிக்காது என்றும் இல்லை. 1926இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று தடை வந்தது. கணக்குக்கு 25,000 ரூபாய். பத்து நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது, டெபாசிட்காரர்கள் தப்பித்தார்கள். ஆனால் அந்த வங்கி வெளியிட்டிருந்த 318.20 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் முழுசாகத் தள்ளுபடி. அந்தப் பத்திரம் யார் கட்டத்தில் சொத்தாக எழுதியிருந்ததோ அங்கே பூஜ்யம் விழுந்தது.

கடைசிப் பயிற்சி

ரிசர்வ் வங்கியின் பெருங்கடன் விதிப்படி ஒரு வங்கி இன்னொரு வங்கியிடம் வைக்கும் தொகை தன் முதல்நிலை மூலதனத்தில் (நஷ்டத்தை முதலில் தாங்கும் சொந்தப் பணத்தில்) 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்த விதியை மாம்பழ வங்கிகளுக்குப் போடுங்கள், நாம் எழுதிய மூலதனம் முழுவதும் முதல்நிலை என்று வைத்துக்கொண்டு. பெங்களூரா செந்தூராவுக்கு 30க்குப் பதில் 6.25 மட்டும் கொடுக்கலாம். இமாம்பசந்த் 25க்குப் பதில் 10. மல்கோவாவின் 20 வரம்புக்குள் இருக்கிறது. மற்றக் கட்டங்களையும் அப்படியே குறையுங்கள். பிறகு அதே 40 சதவீத அடி, அதே செந்தூரா. மல்கோவா 40இல் நிற்கிறது, இமாம்பசந்த் 14இல், பெங்களூரா 8.75இல். செந்தூராவைத் தவிர ஒருவரும் விழவில்லை.

இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைக்காதீர்கள். செந்தூரா முன்பு மற்ற வங்கிகளிடம் வாங்கியது 75. இப்போது 36.25. மீதி 38.75 கோடி எங்கிருந்து வரும்? ஒரு மியூச்சுவல் ஃபண்டிடமிருந்து வரலாம், காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வரலாம். நம் அமைப்பில் அதிகம் கொடுக்கிறவர்கள் அவர்கள். அதிகம் வாங்குகிறவர்கள் வங்கியல்லாத நிதி நிறுவனங்கள். சங்ககிரியில் லாரிக்குக் கடன் கொடுப்பவர்களும் அதில் சேர்த்தி. 2018இல் ஏறத்தாழ 91,000 கோடி ரூபாய்க் கடனோடு ஐஎல் அண்டு எஃப்எஸ் என்ற உட்கட்டமைப்பு நிதி நிறுவனம் தவணை தவறியபோது, அதன் பத்திரங்களை வைத்திருந்த ஃபண்டுகள் பயந்து கையை இழுத்துக்கொள்ள, சம்பந்தமே இல்லாத நிதி நிறுவனங்களுக்கும் பணம் கிடைப்பது இறுகியது. ஆகவே கட்டத்துக்கு வெளியே போன அந்த 38.75க்கு ஆறாவதாக ஒரு வரிசையும் ஒரு பத்தியும் சேர்த்துப் பெயர் எழுதுங்கள். அவர் யாரிடமிருந்து வாங்கிக் கொடுக்கிறார் என்பதைப் பக்கத்திலேயே பென்சிலால் குறித்துவிட்டு, செந்தூராவை இன்னொரு முறை தள்ளிப் பாருங்கள்.